ஓணத்துக்குப் போகலாமா, பொங்கலுக்கு வரலாமா: எல்லையோரத்தில் கேட்ட கேள்விகள்

எங்கள் செங்கோட்டைப் பக்கம் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பாதி மலைக்கு அந்தப் பக்கம்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதற்கு முன்பே புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று சம்பந்தம் வைத்தாயிற்று. அதனால் கொரோனா காலத்தில் எல்லையை மூடியபோது வீட்டுக்கு நடுவே கயிறு கட்டிய மாதிரி இருந்தது எங்களுக்கு. அப்போது புளியரைச் சோதனைச் சாவடியில் தன்னார்வலர்களோடு சில மாதம் நின்றேன். நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவது, இ-பாஸ் என்ற பயண அனுமதியில் உள்ள பெயரைச் சரிபார்ப்பது, நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. கார்க் கண்ணாடியை இறக்கியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். பாதிக்கு எனக்கு அப்போது விடை தெரியாது. பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பண்டிகை வந்தால் தொற்று ஏன் கூடுகிறது? வைரஸுக்குக் காலண்டர் தெரியுமா?

தெரியாது. காலண்டர் பார்ப்பது நாம்தான். சாதாரண நாளில் ஒருவர் பார்க்கும் முகங்கள் ஏறக்குறைய அதே முகங்கள்: வீட்டில் நாலு பேர், கடையில் ரெண்டு பேர், பஸ்ஸில் பக்கத்து சீட். பண்டிகை நாளில் பெங்களூரில் வேலை பார்க்கும் பையன், திருவனந்தபுரத்தில் நர்சாக இருக்கும் மகள், கொல்லத்தில் மீன் ஏலத்துக்குப் போகும் மருமகன், எண்பது வயது ஆச்சி எல்லாரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். நாலு ஊரின் தொற்று ஒரே பாயில் உட்காருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது, அவருக்கே அது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது தொற்றோடு இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 4. பதினேழு பேர் கூடினால் ஏறக்குறைய 16. நூறு பேர் என்றால் 63. மண்டபத்தில் 300 பேர் என்றால் 95. அதாவது பெரிய கல்யாணத்தில் 'யாருக்காவது இருக்குமோ' என்று கேட்பதே வீண். இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாலு பேருக்குள் ஆறு ஜோடிதான் பேசிக்கொள்ள முடியும். பதினேழு பேருக்குள் 136 ஜோடி. ஆள் நாலு மடங்கு கூடினால் பேச்சு இருபது மடங்குக்கு மேல் கூடுகிறது. ஓணத்தன்று எங்கள் வீடுகளில் கேட்கும் சத்தத்துக்கு இதுதான் காரணமோ என்னவோ.

பயணம் ஆபத்தா, போய்ச் சேரும் வீடு ஆபத்தா?

என்னைக் கேட்டால் வீடுதான். சாவடியில் நின்றபோது நானும் நேர்மாறாகத்தான் நினைத்தேன். வண்டி, பஸ், ரயில், இவற்றைத்தான் எல்லாரும் பயந்து பார்த்தோம்.

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலைப்பாதையில் ஜன்னல் திறந்த பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வண்டி ஓடும்போது உள்ளே இருக்கும் காற்று நிற்பதே இல்லை. ஏசி பஸ்ஸும், கண்ணாடியை ஏற்றிவிட்ட காரும் வேறு கதை. அங்கே அதே காற்றையே திரும்பத் திரும்ப மூச்சு விடுகிறோம். சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி ஒரே அறையில் உட்காருவதும் அப்படித்தான். ஆனால் இதெல்லாம் மணிக்கணக்கு. போய்ச் சேர்ந்த வீட்டிலோ இரண்டு ராத்திரி தங்குகிறோம். பேசுகிறோம், சிரிக்கிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம், ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறோம். பஸ்ஸில் அந்நியர் பக்கத்தில் மாஸ்க் போட்டவர், சொந்தக்காரர் வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றி விடுகிறார்.

2021 ஓணத்தன்று, ஆகஸ்ட் 21, புனலூர்ப் பக்கம் என் மைனி வீட்டில் பதினேழு பேர் சாப்பிட்டோம். வெளியே நல்ல மழை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று மைனி கூடத்து ஜன்னல் மூன்றையும் சாத்திவிட்டாள். முதல் பந்தியில் பெரியவர்கள், அடுத்ததில் நாங்கள், கடைசியில் பெண்கள். இலை போட்டு, பருப்பும் நெய்யும், சாம்பார், காளன், பாயசம் ரெண்டு தினுசு. ஒவ்வொரு பந்திக்கும் முக்கால் மணி நேரம். சாப்பிட்டவர்கள் எழுந்து போகாமல் அதே அறையில் சுவரோரம் சாய்ந்துகொண்டு பேசினார்கள். வீட்டுக்கு வந்த எல்லாரையும் சாவடியில் நானே சோதித்திருந்தாலும் தாராளமாக விட்டிருப்பேன். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. மறுநாள் மாலை மச்சானின் தம்பிக்குத் தொண்டை கரகரத்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது பேர் படுத்துவிட்டார்கள். பக்கத்து அறையில் ஜன்னலோரக் கட்டிலில் தனியாக இலை போட்டுச் சாப்பிட்ட மாமாவுக்கு ஒன்றும் வரவில்லை. கோபித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தவர் அவர். காரணம் பழைய சொத்துத் தகராறு. அந்த வருடம் அந்தக் கோபம் அவருக்கு உதவியது.

சாவடியில் காய்ச்சல் பார்த்துத்தானே விட்டார்கள்?

பார்த்தோம். நெற்றியில் பிடிக்கும் வெப்பமானி தோலின் சூட்டைத்தான் அளக்கும். வெயிலில் பைக் ஓட்டி வந்தவருக்குக் கூட்டிக் காட்டும், ஏசி காரிலிருந்து எட்டிப் பார்த்தவருக்குக் குறைத்துக் காட்டும். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவரை ஒன்றும் செய்ய முடியாது. கொண்டைநகரத்துப் பாட்டி ஒருவர் என்னிடமே, 'வரும்போது ஒரு மாத்திரை போட்டுட்டேன், சரியாத்தான் இருக்கும்' என்றார்.

அதைவிடப் பெரிய சிக்கல், கொரோனா என்பது காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவும் நோய். உடம்புக்குள் புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். முதலில் வந்த வகைக்குச் சராசரி 5 நாள், ஓமிக்ரானுக்கு ஏறக்குறைய 3 நாள். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடும். சிலருக்கு அறிகுறியே வராது. ஆக, காய்ச்சல் பார்த்து அனுப்புவதில் சிக்கியவர்கள் கொஞ்சம், தப்பியவர்கள் அதிகம். நான் நோட்டில் எழுதிய பெயரும் போன் நம்பரும் வெப்பமானியைவிட அதிகம் பயன்பட்டன என்றே நினைக்கிறேன். பிறகு ஒருவருக்குத் தொற்று தெரிந்தால் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்பதற்கு அது உதவியது.

ஆர்டிபிசிஆர் சான்று இருந்தால் பயமில்லைதானே?

2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வருவோரிடம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த சான்றோ, இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றோ கேட்டார்கள். மூக்கில் குச்சி விட்ட அந்த நிமிடத்தில் என்ன இருந்தது என்பதைத்தான் சான்று சொல்லும். திங்கட்கிழமை சோதனை, புதன்கிழமை பூக்கடைத் தெரு, வியாழக்கிழமை பயணம் என்றால் அந்தக் காகிதத்துக்குப் புதன்கிழமை தெரியாது. கிளம்பும் அன்று காலையில் வீட்டிலேயே செய்யும் துரித ஆன்டிஜன் சோதனை கூர்மை குறைந்ததுதான். ஆனால் அன்றைக்கு அதிகமாகப் பரப்பும் நிலையில் இருப்பவரைக் கண்டுபிடிக்க அது நல்லது.

கேரளத்தில் கூடியது ஓணத்தால்தான் என்கிறார்களே, உண்மையா?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் டீக்கடையில் 'எல்லாம் அவங்க ஓணம் கொண்டாடினதால' என்று எளிதாக முடித்துவிடுவார்கள்.

2020-இல் திருவோணம் ஆகஸ்ட் 31. அந்தச் சமயம் கேரளத்தில் தினமும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குத்தான் தொற்று. அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் 10,606. ஐந்து வாரத்தில் ஐந்து மடங்கு. ஓணத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே வாரங்களில்தான் தளர்வுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கடைகள் திறந்தன, பஸ்கள் ஓடின. அதற்கும் முன்பே, ஜூலை 17 அன்று, திருவனந்தபுரம் கடலோரத்துப் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் வந்துவிட்டதாக முதலமைச்சரே அறிவித்திருந்தார். ஓணம் வந்தபோது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

2021-இல் கதை வேறு. திருவோணம் ஆகஸ்ட் 21. ஆகஸ்ட் 25 அன்று 31,445. பத்திரிகைகள் ஓணத்தைக் கை காட்டின. நான்கு நாளில் அவ்வளவும் ஓணத்தால் வந்திருக்க முடியாது. தொற்றி, அறிகுறி வந்து, சோதனைக்குப் போய், முடிவு வந்து, கணக்கில் ஏற ஒரு வாரமாவது ஆகும். அப்படித் தொற்றியவரின் வீட்டாருக்குப் பரவி அதுவும் கணக்கில் வர இரண்டு மூன்று வாரம். பிறகு என்ன நடந்தது? செப்டம்பரில் எண்ணிக்கை இறங்கியது. எல்லாரும் பயந்த அளவுக்கு அலை எழவில்லை.

விடுமுறையில் கணக்கே ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓண நாட்களில் யார் போய் மூக்கில் குச்சி விட்டுக்கொள்வார்கள்? சோதனை குறையும், எண்ணிக்கையும் குறைந்ததுபோல் தெரியும். லீவு முடிந்ததும் தள்ளிப்போட்டவர்கள் ஒரேயடியாகப் போவார்கள், எண்ணிக்கை எகிறும்.

கேரளத்தில் அப்போது தொற்று அதிகமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நான்காவது முறையாக ரத்தத்தில் எதிர்ப்பணுக்கள் இருக்கின்றனவா என்று பார்த்தது. நாடு முழுக்க 67.6 சதவீதம் பேருக்கு இருந்தது, தமிழ்நாட்டில் 69.2. கேரளத்தில் 44.4தான். அதுவரை நன்றாகத் தடுத்து வைத்திருந்ததால், டெல்டா வகை வந்தபோது, முன்பு நோய்க்கு அகப்படாத ஆட்கள் அங்கே மிச்சம் அதிகம். வயதானவர்களும் அங்கே அதிகம்: 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4.

ஓணத்தைச் சொல்லும்போது நம்முடையதையும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 6 அன்று இரண்டு மாநிலத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. அதற்கு முன் ஒரு மாதம் கூட்டம் கூட்டமாகப் பிரசாரம். ஏப்ரல் 14 அங்கே விஷு, இங்கே சித்திரை ஒன்று. மே 12 அன்று கேரளத்தில் 43,529, மே 21 அன்று தமிழ்நாட்டில் 36,184. எது தேர்தலின் பங்கு, எது பண்டிகையின் பங்கு, எது டெல்டாவின் பங்கு என்று பிரித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எல்லையையே மூடிவிட்டால்?

சீக்கிரம் மூடினால் நேரம் கிடைக்கும். நோய் நின்றுவிடாது. ஊஹானை 2020 ஜனவரி 23 அன்று மூடினார்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி 25. அதற்குள் 50 லட்சம் பேர் ஊரை விட்டுக் கிளம்பியிருந்ததாக அந்நகர மேயரே சொன்னார். அந்த மூடலால் சீனாவின் மற்ற ஊர்களில் பரவல் 3 முதல் 5 நாள்தான் தள்ளிப்போனது என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வெளிநாடுகளுக்குப் போவது சில வாரங்களுக்கு நன்றாகவே குறைந்தது.

மூடப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வில்லாத ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு நாளும் கடைகளையும் வெளியூர் பஸ்களையும் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஊருக்குக் கிளம்பினார்கள். அடைந்து கிடக்கப் போகிறவர் சென்னையில் வாடகை அறையில் ஏன் கிடக்க வேண்டும்? அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை எனக்கு. அறிவிக்காமல் மூடினாலும் 2020 மார்ச்சில் பார்த்தோம், நடந்தே வந்தவர்களை.

இங்கே உள்ள நிலைமை இன்னும் வேறு. தார்ச்சாலையில் சாவடி போடலாம். எஸ்டேட் பாதை, ஒற்றையடிப் பாதை எல்லாவற்றுக்கும் ஆள் போட முடியாது. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவரை எத்தனை நாள் நிறுத்துவது?

தோவாளைப் பூவும் காய்கறி லாரியும் நோயைக் கொண்டுவருமா?

பூவும் காயும் கொண்டுவராது. அத்தப்பூக் கோலத்துக்குப் போன கேந்திப் பூவைச் சிலர் மஞ்சள் தண்ணீரில் அலசியதைப் பார்த்தேன். பூ வாடியதுதான் மிச்சம். நோய் முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுவது. சந்தையில் கூடும் ஆட்களைத்தான் கவனிக்க வேண்டும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று பரவியது காய்கறி வழியாக அல்ல, அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வழியாக.

திருவிழா திறந்தவெளியில்தானே நடக்கிறது?

தேர் திறந்தவெளியில் ஓடுகிறது. ஆனால் தேருக்கு வந்தவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் பெண் வீட்டாராக வருவது வழக்கம். கோயில் வாசலில் நிற்கும் நேரத்தைவிட வேனிலும், தங்கும் இடத்திலும், பந்தியிலும் போகும் நேரம் அதிகம். எந்தத் திருவிழாவுக்கும் இது பொருந்தும்.

பாட்டும் கோஷமும் இன்னொரு விஷயம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு மூடிய அறையில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. 61 பேர் வந்தார்கள், அதில் ஒருவருக்கு ஜலதோஷம் போல இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். நம் வீட்டு ஐயப்ப பஜனையை நினைத்துக்கொள்ளுங்கள்: சாத்திய அறை, சாம்பிராணிப் புகை, தொண்டை கிழியச் சரணம். பெரும்பாலான நோயாளிகள் ஒருவருக்குக்கூடக் கொடுக்காமல் போகிறார்கள். சிலர் மட்டும் இப்படிப்பட்ட அறையில் இருபது முப்பது பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சிலர் யார் என்று முன்பே தெரியாது, அறை எது என்று தெரியும்.

இரண்டு கோயில்களின் முடிவுகள் எனக்குச் சரியாகப் பட்டன. 2020 நவம்பரில் சபரிமலை திறந்தபோது வார நாளில் 1,000 பேர், சனி ஞாயிறு 2,000 பேர் என்று வைத்து, முன்பதிவு செய்தவர்களை மட்டும் விட்டார்கள். 2021-இல் ஆற்றுகால் பொங்காலையைப் பெண்கள் அவரவர் வீட்டு முற்றத்திலேயே இட்டார்கள். அடுப்பு மூட்டும் நேரத்தை மாற்றவில்லை, இடத்தை மாற்றினார்கள்.

கல்யாணத்துக்கு 50 பேர் என்று எண்ணிக்கை வைத்தார்களே, அது வேலை செய்ததா?

காகிதத்தில் ஐம்பது. மூன்று முகூர்த்தப் பந்தியில் ஐம்பது ஐம்பதாக நூற்றைம்பது பேர் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எந்த மண்டபம் என்று சொல்லவில்லை.

தடுப்பூசி போட்டாயிற்றே, இன்னும் ஏன் ஜன்னலைத் திற, தனியாக உட்கார் என்கிறீர்கள்?

தடுப்பூசி உயிரைக் காப்பாற்றுவதில் கெட்டி. தொற்றே வராமல் தடுப்பதில் அவ்வளவு இல்லை, மாதம் போகப் போக அதுவும் குறையும். மைனி வீட்டில் படுத்த ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரு தவணையாவது போட்டவர்கள். ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எனக்கு அது போதும்.

அப்படியென்றால் ஆச்சியைப் பார்க்கவே போகக்கூடாதா?

போங்கள். 2020 பிப்ரவரி கடைசியில் இத்தாலியிலிருந்து பத்தனம்திட்டை மாவட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் வழியாக வீட்டிலிருந்த வயதானவர்களுக்கும் தொற்று வந்தது. அவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்று சுகாதாரத் துறை வரைபடம் போட்டே வெளியிட்டது. அந்த முதியவர்கள் பிழைத்துவிட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. அதனால் போவதற்கு முன் ஐந்து நாள் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பு கடைசியாக ஒருமுறை நண்பர்களோடு கூடுவதைத்தான் முதலில் விட வேண்டும். தொண்டையில் சின்னக் கரகரப்பு இருந்தாலும் டிக்கெட் காசைப் பார்க்காதீர்கள்.

போன இடத்தில் முற்றத்திலோ திண்ணையிலோ உட்காருங்கள். சாரல் அடித்தால் ஒரு ஜன்னலைச் சாத்துங்கள், எதிர் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆச்சிக்கு முதல் பந்தியில், அவருக்குப் பிடித்த இடத்தில், தனியாக இலை போடுங்கள். அதை மரியாதை என்று சொன்னால் அவரும் ஒத்துக்கொள்வார், தள்ளி வைப்பதாக நினைக்கமாட்டார். எல்லாரும் ஒரே ராத்திரி தங்காமல், ஒரு வீட்டார் ஓணத்துக்கும் ஒரு வீட்டார் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். ஏத்தங்காய் உப்பேரி ஒரு வாரத்தில் கெட்டுப்போகாது.

துஷ்டி வீட்டுக்கு?

இதைக் கேட்டவர்களுக்குத்தான் சாவடியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், சாவைத் தள்ளிப் போட முடியாது. போகாமல் இருந்தால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை. கட்டிப் பிடித்து அழுவதும், சாத்திய அறையில் ராத்திரி முழுக்கச் சுற்றி உட்காருவதும், ஒரே டிரம்மில் டீ குடிப்பதும் சேர்ந்தால் கல்யாணத்தைவிட மோசம்.

2021 ஜூனில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் என் அத்தான் இறந்தார். காரணம் கொரோனா இல்லை, மாரடைப்பு. நான் போனேன். தெருவில் போட்ட பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மாஸ்க்கோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். அக்காள் உள்ளேயிருந்து வாசல் வரை வந்தாள், நான் படிக்குக் கீழே நின்றேன். நடுவில் மூன்று படி. 'மேலே வாடா' என்றாள். 'மழை வரட்டும், வர்றேன்' என்றேன். அன்றைக்கு மழை வரவில்லை.